சுத்தமான பிரதி

1

போன வாரம் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரிடமிருந்து பழைய புத்தகப் பட்டியல் வந்தது. மாதாமாதம் வருவதுதான். காலையில் தேநீரோடு உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படிப்பது என் பல வருஷப் பழக்கம். நடுவில் ஒரு தமிழ்ப் புத்தகம் இருந்தது. மிஷன் அச்சகம், பச்சைத் துணி அட்டை, தையல் உறுதி. அதற்குக் கீழே அவர் எழுதியிருந்த குறிப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "முதல் தாளில் உள்ளூர்க்காரர் யாரோ பெயர் எழுதிக் கெடுத்திருக்கிறார். மற்றபடி சுத்தமான பிரதி."

தேநீரைத் தொட்டியில் கொட்டினேன். அந்த வியாபாரி மேல் எனக்குக் கோபமில்லை. அவர் எழுதியது அந்தத் தொழிலில் எல்லோரும் எழுதுவது. நானே என் நோட்டுப் புத்தகத்தில் அதே சொற்களை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். 'கெடுத்திருக்கிறார்.' தன் புத்தகத்தில் தன் பெயரை எழுதியவன் கெடுத்தவனாம்.

ஊரில் இருப்பவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வரி. நான் திருத்தணிக்காரன். வடக்கு இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் ஊரார் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். மனைவி இல்லை, போய் நான்கு வருஷமாகிறது. மகள் நிஷா வேறு நகரத்தில் இருக்கிறாள். வீட்டில் நானும், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு புத்தக அலமாரியும். அந்த அலமாரியைப் பார்த்தாலே இப்போது அருவருப்பாக இருக்கிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் வைத்திருந்து வைத்திருந்து புளித்துப்போய்விட்டது.

2

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் போதகரை ஐயர் என்று சொல்வது பழைய வழக்கம். அப்படி ஓர் ஐயர் நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சபையில் இருந்தார். அவர் நாவல் எழுதினார். ஒன்றல்ல, ஏழு. அதனால் சபையில் அவர் பெயர் கதை ஐயர். சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இன்னும் நாலு சேகரிப்பாளர்கள் கிளம்புவார்கள். அந்த இனம் பெருகுவதில் எனக்கு விருப்பமில்லை.

ஏழும் நீதி நாவல்கள். முதல் அத்தியாயத்தில் ஒருவன் தப்புச் செய்வான். அப்புறம் பத்து அத்தியாயத்துக்கு ஐயர் அவனை விடமாட்டார். குடித்தவனுக்குக் கால் போகும். புறம் பேசியவளுக்கு வாய் கோணும். கடைசியில் எல்லோரும் மழையில் நனைந்தபடி மனந்திரும்புவார்கள். நிஷாவுக்கு எட்டு வயதில் தமிழ் கற்றுக்கொடுக்கிறேன் என்று இதில் ஒன்றை உரக்கப் படித்துக் காட்டினேன். மூன்றாவது பக்கத்தில் அவள், "அப்பா, இந்தப் பொம்பளை ஏன் எல்லாருக்கும் ஸாரி சொல்றா? அவ ஒண்ணும் பண்ணலையே?" என்று கேட்டாள். தமிழ்ப் பாடம் அதோடு நின்றது. இன்றைக்கும் அவள் என்னை 'நீ வாங்க' என்றுதான் கூப்பிடுகிறாள்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கும் இந்த நாவல்கள் பிடிக்காது. ஒன்றைக்கூட முழுசாகப் படித்ததில்லை. அச்செழுத்து பிடிக்கும். தாளின் வாசனை பிடிக்கும். வேறு எவனிடமும் இல்லாதது என்னிடம் இருக்கிறது என்பது ரொம்பப் பிடிக்கும். குளிரில் பஸ் பிடித்துப் போய், செத்துப்போன மிஷனரிகளின் பேரப்பிள்ளைகள் கழித்துப் போட்ட பெட்டிகளைக் கிளறி, ஆறு நாவல்களைச் சேர்த்துவிட்டேன். ஏழாவது கிடைக்கவில்லை. அதன் பெயர் 'நல்மனையாள் ஞானப்பூ'. புருஷன் பேச்சைக் கேட்டு நடக்கும் ஒருத்தியின் கதை. புருஷர்களே வாங்காத கதை.

வாங்காததால்தான் அது எங்கள் சபையில் ஒரு வழக்கமாக ஆயிற்று. அச்சகம் விற்காத பிரதிகளைக் கட்டுக் கட்டாகச் சபைக்கே திருப்பி அனுப்பிவிட்டது. அதைச் சபைக் கோவில் அலமாரியில் போட்டு வைத்து, கல்யாணம் நடக்கும்போதெல்லாம் வேதப்புத்தகத்தோடு ஆளுக்கொரு 'ஞானப்பூ' கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை. முதல் வெற்றுத் தாளில் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், கல்யாண நாள் எல்லாம் எழுதி, போதகர் கையெழுத்துப் போட்டு, சபை முத்திரையும் வைத்துக் கொடுப்பார்கள். மூன்று தலைமுறைக்கு இப்படி நடந்தது. நாவலை யாரும் படிக்கவில்லை. அந்த ஒரு பக்கத்துக்காக வைத்திருந்தார்கள்; விலைக்குக் கேட்டாலும் தரமாட்டார்கள்.

3

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தபோது கே.ஜி.கண்டிகையில் பெத்தம்மாவைப் பார்க்கப் போனேன். பெத்தம்மா என்றால் பெரியம்மா. தெலுங்கு பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு உறவுமுறை பாதி அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. என் பெரியப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். அவர் கட்டியது பள்ளிப்பட்டுப் பக்கத்தில் நிலபுலம் உள்ள ஓர் இந்துக் குடும்பத்துப் பெண்ணை. பெயர் சரோஜா. ஒரே நாளில் காலையில் ஞானஸ்நானம், அப்புறம் கல்யாணம். ஞானஸ்நானத்தில் சாராள் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் பெரியப்பாகூட அவளைக் கூப்பிட்டதில்லை. பிள்ளை இல்லை. என்னைத்தான் நைனா, நைனா என்று வளர்த்தாள்.

அன்றைக்குக் காபி கொடுத்துவிட்டு, எனக்குக் காட்டுவதற்கென்று பெரியப்பாவின் கண்ணாடி, பேனா எல்லாவற்றையும் பீரோவிலிருந்து எடுத்து வைத்தாள். வேதப்புத்தகத்துக்கு அடியில் பச்சைத் துணி அட்டை தெரிந்தது. 'ஞானப்பூ', முதல் பதிப்பு. பெரியப்பாவின் கண்ணாடியை ஓரமாகத் தள்ளிவிட்டு அதை உருவி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அது இன்னாத்துக்கு நைனா உனக்கு? அதுல ஒரு படங்கூட இல்லியே," என்றாள்.

"பழைய பதிப்பு பெத்தம்மா. கிடைக்கவே கிடைக்காது."

அவள் முதல் தாளைத் திறந்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. ஆனால் எது எங்கே இருக்கிறது என்று தெரியும். விரலை வைத்து, "இது உங்க பெரியப்பா. இது நானு. ரெண்டு பேரும் சேத்து எழுதிகிறாங்க பாரு, அந்தப் பேரும் இந்தப் பேரும்," என்றாள். 'சாராள் என்கிற சரோஜா' என்று ஊதா மையில் இருந்தது. கீழே போதகர் கையெழுத்து. வட்டமாக முத்திரை.

நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமலே வாங்கும் வித்தை சேகரிப்பவனுக்குத் தெரியும். புத்தகத்தை மடியிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவளே சொன்னாள்.

"ஆங், எடுத்துகினு போ. நான் போய்ட்டா இதெல்லாம் எடைக்குத்தான் போடப்போறாங்க. உங்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்."

பொதட்டூர்பேட்டையில் வாங்கிய ஒரு துப்பட்டியையும், விமான நிலையத்தில் வாங்கிய சாக்லேட் டப்பாவையும் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது. என்ன பாசம் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

4

ஊரிலிருந்து திரும்பிய மறு வருஷம் இங்கே ஒரு நூலகத்தில் மிஷன் அச்சக நூல்களை வைத்துச் சின்னக் கண்காட்சி நடத்தினார்கள். என்னிடம் ஏழும் முழுசாக இருப்பதாகத் தெரிந்து கேட்டார்கள். நான் அலமாரியைத் திறந்து ஏழையும் வரிசையாக மேஜையில் வைத்தேன். ஆறு சுத்தமாக இருந்தன. ஏழாவதைத் திறந்தால் ஊதா மை, கோணலான எழுத்து, முத்திரை பாதி அழிந்திருந்தது. கண்ணை உறுத்தியது.

கதை ஐயரின் கையெழுத்தாக இருந்தால் விட்டிருப்பேன். ஊர் பேர் தெரியாத ஒரு போதகரின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? இப்படித்தான் யோசித்தேன். என் சொந்தப் பெரியப்பாவின் பெயரைப் பார்த்துக்கொண்டு இப்படி யோசித்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலையை முடித்தேன். ஆஸ்பத்திரியில் பயன்படுத்தும் பிளேடால் தாளை அடியோடு எடுத்தேன். கெட்டில் ஆவியைக் காட்டி, ஒட்டியிருந்த நுனியையும் விடாமல் உரித்தேன். அதே காலத்துப் பாட்டுப் புத்தகம் ஒன்றில் கடைசியில் இருந்த வெற்றுத் தாளை அளவாக வெட்டி அந்த இடத்தில் ஒட்டினேன். பூச்சி அரித்த ஓட்டை ஒன்று அடுத்தடுத்த தாள்களில் இருந்தது. புதுத் தாளிலும் அதே இடத்தில் ஊசியால் ஓட்டை போட்டேன். அத்தனை பொறுமை. வெட்டிய தாளைச் சாப்பாட்டு அட்டைப் பெட்டிகளோடு சேர்த்து நீலக் குப்பைத் தொட்டியில் போட்டேன். திங்கட்கிழமை லாரி வந்து எடுத்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் போனேன். இங்கே எங்கள் தெருக்கோடிக் கோவிலில் ஒன்பது கிழவர்கள், ஓட்டை ஹீட்டர், ஆராதனை முடிந்ததும் பிஸ்கட். எதுவும் உறுத்தவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் தாங்கவில்லை. ஒரு தப்புச் செய்துவிட்டோம் என்ற நினைப்பே பத்து வருஷத்தில் ஒரு தரம்கூட வரவில்லை.

கண்காட்சிக்குப் பதினாலு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

5

இந்த வருஷம் பொங்கல் முடிந்து அக்கா சுகுணா போன் செய்தாள். திருத்தணியில் இருக்கிறாள், பெத்தம்மாவை இப்போது அவள்தான் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள்.

"டேய், பெத்தம்மா வழுக்கி வுழுந்துட்டாடா. இடுப்பு போச்சு. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. இன்னும் எத்தினி நாளோ தெரியல."

நான் வருகிறேன் என்றேன். அவள் அதைக் கேட்கக்கூட இல்லை.

"வர்றது இருக்கட்டும். மொதல்ல ஒண்ணு பண்ணு. தன்னப் பெரியப்பா பக்கத்துல வெக்கணும்னு சொல்லிகினே இருக்கறா. கல்லறைக் கமிட்டில போய்க் கேட்டேன். முடியாதுன்றாங்க. அவ சபையே இல்லையாம்."

விஷயம் இதுதான். பெரியப்பா போன பிறகு விதவைப் பென்ஷனுக்கு மனு எழுதியவர் பெத்தம்மாவின் தம்பி. சரோஜா என்று எழுதினார், மதம் இந்து என்று எழுதினார். ரேஷன் கார்டிலும் அப்படியே. சபையின் பழைய அங்கத்தினர் பட்டியலில் இருப்பதோ சாராள். ஆக, அரசாங்கத்தில் ஒரு சரோஜா, சபையில் ஒரு சாராள். இருவரும் ஒரே ஆள் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். அந்த வருஷத்துக் கல்யாணப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. அக்கா ரிஜிஸ்தர் ஆபீசில் இரண்டு நாள் உட்கார்ந்து கிளறியும் நகல் கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. இருக்கும் ஒரே போட்டோ ஸ்டுடியோவில் தாஜ்மகால் திரைக்கு முன்னால் எடுத்தது.

அதோடு இன்னொரு குற்றச்சாட்டு. ஆடிக் கிருத்திகைக்குப் பெத்தம்மா தன் தம்பி வீட்டுக் காவடிகளோடு மலைப்படி ஏறுவாள். "மஞ்சப் பொடவையோட பாத்திருக்கேங்க, என் கண்ணால பாத்திருக்கேன்" என்று கமிட்டிச் செயலர் சொன்னாராம். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். அந்தச் செயலர்தான் கிருத்திகைக் கூட்டத்துக்கு மலையடிவாரத்தில் மச்சான் பெயரில் வண்டி நிறுத்தும் இடம் நடத்துகிறார். காவடிக்காரன் வண்டி வரலாம், அவன் அக்கா கல்லறைக்கு வரக்கூடாது.

"போன வருஷம் ஒரு அம்மாவுக்கும் இதே தகராறு," என்றாள் அக்கா. "அவங்க ஞானப்பூ பொஸ்தகத்த எடுத்துகினு போய் மொதப் பக்கத்தக் காட்னாங்க. பாஸ்டரு பாத்தாரு, கமிட்டி பாத்துது, அவ்ளோதான், எடம் குடுத்துட்டாங்க. நம்ம பொஸ்தகம் உங்கிட்டதான இருக்குது? அந்தப் பக்கத்த ஒரு போட்டோ எடுத்து இப்பவே அனுப்பு."

அலமாரி எனக்கு எதிரில் இருந்தது. பச்சை முதுகு தெரிந்தது.

"தேடிப் பார்க்கறேன்கா," என்றேன்.

6

மறுநாள் அக்காவிடம், அந்தப் பக்கம் மட்டும் ஈரத்தில் ஊறிப் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது என்று சொன்னேன். நாக்கூசாமல் சொன்னேன். இந்த ஊர்க் குளிரையும், சுவரில் பூக்கும் பூஞ்சையையும் வேறு வர்ணித்தேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "சரி வுடு, நீ இன்னா பண்ணுவ," என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் கமிட்டியில் போய்ப் பேசி ஒரு வழி வாங்கிவந்தாள். நான் அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்தவன். அதில் இன்னது எழுதியிருந்தது என்று ஒரு சத்தியக் கடிதம் நோட்டரி முத்திரையோடு அனுப்பினால் யோசிப்பார்களாம்.

நோட்டரி என்று இங்கே ஒரு பெண்மணி இருந்தார். எதைப் பற்றிய சத்தியம் என்று கேட்டார். ஒரு புத்தகத்தின் முதல் தாள் பற்றி என்றேன். அவருடைய படிவத்தில் பிறப்பு, திருமணம், மரணம், சொத்து என்று நாலு கட்டங்கள் இருந்தன. எதில் போடுவது என்றார். திருமணம் பற்றியதுதான், ஆனால் மரணத்துக்காக என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கடைசியில் சொத்து என்ற கட்டத்தில் குறி போட்டார். எழுதியது அத்தனையும் உண்மை என்று என்னைச் சொல்லச் சொன்னார். 'ஈரத்தால் அழிந்த' என்ற வரியோடு சேர்த்து, உண்மை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாளில் செயலரிடமிருந்து வாட்ஸப்பில் பதில் வந்தது. சுத்தமான தமிழில், கடிதம் போலவே தட்டச்சு செய்திருந்தார். மற்ற பக்கங்கள் எந்த நிலையில் உள்ளன என்று கமிட்டி அறிய விரும்புகிறது. புத்தகத்தின் அட்டை, முதல் ஐந்து தாள்கள், தையல் ஆகியவற்றின் படங்களை அனுப்பவும்.

ஓடும் ரயிலில் முப்பது வருஷம் பொய்யைப் பிடித்த மனுஷர் அல்லவா. வேறு வழியில்லாமல் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு கறை இல்லை. ஒரு சுருக்கம் இல்லை. தாள் வெட்டிய தடம் இல்லை. ஓட்டைகூட ஒரே நேர்கோட்டில் இருந்தது. நான் அத்தனை நன்றாக வேலை செய்திருந்தேன்.

அன்று சாயங்காலமே பதில் வந்தது. "இந்தப் புத்தகத்தில் ஈரம் பட்டதற்கான அடையாளம் எதுவுமில்லை. முதல் தாள் பழுதின்றி வெறுமையாக உள்ளது. ஆகவே இதில் எக்காலத்திலும் எதுவும் எழுதப்படவில்லை எனக் கமிட்டி கருதுகிறது."

7

நிஷாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். சனிக்கிழமைதோறும் பேசுவோம், வழக்கமாக வானிலையும் அவள் வேலையும்தான். அன்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"வெட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோகூட எடுக்கலையா அப்பா?"

"இல்லை."

"உன் போன்ல ஆயிரம் போட்டோ இருக்கே. புத்தக அட்டையெல்லாம் நாலு பக்கமும் எடுத்து வச்சிருக்கீங்களே?"

அட்டையைத்தான் எடுத்தேன் என்றேன். பிறகு அவள், "அவங்ககிட்ட சொல்லிடுங்க. அவ்ளோதானே," என்றாள். அவளுக்கு எதுவும் அவ்வளவுதான். சில சமயம் அது நல்லதோ என்று தோன்றுகிறது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடும்போது பேச அனுமதி கேட்டேன். அக்கா தன் போனை மேஜையில் ஒரு தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தாள். போதகர், இளவயசுக்காரர், நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செயலர், இன்னும் நாலைந்து பேர். மின்விசிறிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. நான் எழுந்து நின்று பேசினேன். வீட்டில் தனியாக, போனுக்கு முன்னால், எழுந்து நின்று.

"முன்னால் நான் சொன்னது பொய். ஈரத்தில் போகவில்லை. நான்தான் வெட்டினேன். புத்தகம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று பிளேடால் வெட்டிக் குப்பையில் போட்டேன். இப்போது இருப்பது நான் ஒட்டிய வேறு தாள். எழுதியிருந்தது உண்மை. சாராள் என்கிற சரோஜா என்று இருந்தது. முத்திரை இருந்தது."

செயலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் கொடுமை. "நீங்க படிச்சவரு. பெரியப்பா வீட்ல வளந்தவரு. கல்யாணம் எழுதன பக்கத்த, அதுவும் சொந்தப் பெரியப்பா கல்யாணம், எந்த மனுசனாவது வெட்டுவானாங்க? எதிரிகூடச் செய்யமாட்டான். மொதல்ல ஈரம்னீங்க. நாங்க கேட்டதும் இப்ப வெட்டனேன்றீங்க. அந்த அம்மாமேல உங்களுக்குப் பாசம், புரியுது. அதுக்காகக் கோவில்ல வந்து உங்கமேலயே இம்மாம் அசிங்கத்த வாரிப் போட்டுக்காதீங்க."

"சத்தியமாகச் சொல்கிறேன்," என்றேன்.

"சத்தியம் போன தடவையும் பண்ணி அனுப்பனீங்களே," என்றார் செயலர்.

ஒருவர் சிரித்தார். போதகர் அவரை அடக்கினார். புதுத் தாளை இப்போதே உரித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். உரித்தால் என்ன தெரியும் என்று கேட்டார்கள். உரித்தால் கீழே வெறும் பசைதான் இருக்கும். உரிக்கவில்லை. இங்கேயும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்திலும் என் கை புத்தகத்தை உரிக்கத் தயங்கியது. முதல் பதிப்பு.

போதகர் எனக்காக ஜெபம் செய்தார். அயல்நாட்டில் தனிமையில் இருக்கும் இந்தச் சகோதரனுக்குத் தெளிந்த மனதைத் தாரும் என்று. தீர்மானம் எழுதப்பட்டது. அத்தாட்சி இல்லாததால் இடம் இல்லை.

கதை ஐயரின் நாவல்களில் பாவியின் அறிக்கையை யாராவது நம்பாமல் போனதாக எனக்கு நினைவில்லை. அறிக்கை செய்த மாத்திரத்தில் கூட்டம் கண்ணீர் விடும், பாட்டுப் பாடும். பெரிய மோசடி. பணம் கொடுத்து வாங்கி, கண்ணாடிக் கதவு போட்டுக் காப்பாற்றுகிறேன் அந்த மோசடியை.

கமிட்டியின் மேலும் எனக்கு அருவருப்பு இல்லாமல் இல்லை. ஒரு கிழவிக்கு ஆறடி மண் கொடுக்கத் தாளும் முத்திரையும் கேட்கிற அற்பர்கள். ஆனால் அவர்கள் கேட்ட தாள் அவளிடம் இருந்தது. எடைக்காரன் வந்து கேட்டிருந்தால்கூட அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டுதான் புத்தகத்தைப் போட்டிருப்பாள். எடைக்காரன் வரவில்லை. நான் வந்தேன்.

8

மறுநாள் அக்கா போன் செய்தாள். பெத்தம்மா பேசவேண்டும் என்கிறாளாம். அடுத்த வாரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன். அதற்குள் போன் கை மாறிவிட்டது. முகம் தெரியவில்லை, கூரையும் மின்விசிறியும்தான் தெரிந்தன. குரல் மட்டும் கேட்டது.

"நைனா."

"சொல்லுங்க பெத்தம்மா."

"சுகுணா சொன்னா எல்லாத்தையும். கமிட்டில போய் நீ இன்னா சொன்னன்னு." மூச்சு வாங்கியது. "எனக்காக உம்பேர நீயே கெடுத்துகினியே நைனா. நான்தான் வெட்டனேன்னு அத்தினி பேர் எதிர்ல சொன்னியாமே. வயித்துல பொறந்த புள்ளகூட இப்டி சொல்லாது."

நான் வாயைத் திறந்தேன். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இனி வராது என்று தெரியும். கமிட்டிக்குச் சொன்ன அதே நாலு வாக்கியம். நம்ப மாட்டேன் என்று கண்ணாடியைத் துடைக்கிறவர்களிடம் எழுந்து நின்று சொல்ல முடிந்தது எனக்கு.

"எடம் குடுக்காட்டி போறாங்க," என்றாள். "எந்தம்பி பசங்க கொளுத்திப்புட்டு ஆத்துல வுட்டுடுவாங்க. பெரியப்பாவ நான் போய்ப் பாத்துக்கறேன். நீ அதுக்காக மனசு வுடாத."

"பெத்தம்மா..."

"அது ஈரத்துலதான நைனா போச்சு? நீ ஒண்ணும் பண்ணலதான?"

அந்தப் பக்கத்தில் அக்கா தலையணையைச் சரிசெய்யும் சத்தம் கேட்டது.

"ஆங், பெத்தம்மா," என்றேன். "ஈரத்துலதான் போச்சு."